சிவசங்கரும் சீட்டுக்கட்டுத் தளபதியும்

"சும்மா கெடடா! உன்ன எவன் முன்னால வரச் சொன்னது?" என்று சிவசங்கர், தனியாக ஆடும் போர் விளையாட்டின் ஒரு சீட்டைத் திட்டிக்கொண்டிருந்தார். சீட்டு பதில் சொல்லவில்லை. அதில் எழுதியிருந்தபடி எதிரியின் குதிரைப்படையைத் தம் கையாலேயே நகர்த்தி, தம் ஆட்களையே அடித்து வீழ்த்திவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

தியாகதுருகத்தில், எரிந்துபோன மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றி காயில் கட்டுபவர் அவர். கரும்பு காய்கிறதே என்று நான் ஓடி வந்தால், என் மோட்டார் கடை வாசலில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. இவர் பின்கட்டு வீட்டில், சாப்பாட்டு மேசைமேல் நெப்போலியனாக இருக்கிறார். ஜன்னலைத் திறந்தால் மலைக்கோட்டை. ஊரிலேயே கோட்டை இருக்க, இவருக்குச் சண்டை போட ஐரோப்பாதான் வேண்டும்!

போர்க்களம், கள்ளக்குறிச்சியில் அடித்த ஃப்ளெக்ஸ். கடைக்காரர் பழக்கதோஷத்தில் ஒரு மூலையில் 'வருக வருக' என்று சேர்த்துவிட்டார். எதிரிக்கு உதவிப்படை அந்த மூலையில்தான் நுழைகிறது. வீரர், குதிரை, பீரங்கி எல்லாமே எரிந்த காயிலிலிருந்து உருவிய செம்புக் கம்பியை வளைத்தவை. நீல ஸ்லீவ் உறை மாட்டியது இவர் படை, சிவப்பு எதிரி. எதிரிப் பக்கம் ஆள் கிடையாது. சீட்டை எடுத்து, பகடையை உருட்டி, அது சொல்கிறபடி நகர்த்த வேண்டும்.

கூட ஆட யாரையாவது கூப்பிடலாமே என்று கேட்டிருக்கிறேன். "வர்றவன் பாதியில டீ குடிக்கப் பூடுறான். இவன் போவ மாட்டான்" என்று சீட்டுக்கட்டைக் காட்டினார். அந்த 'இவனை' ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. இந்தப் போர் பொங்கலன்று தொடங்கியது. ஃப்ளெக்ஸில் வரைந்த குன்றின் உச்சியைப் பிடித்தால் வெற்றி. முதல்முறையாக நீலப்படை அடிவாரத்தில் நின்றது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "மோட்டாரையும் கொஞ்சம் பாருங்க" என்று கையைப் பிடித்துக் கடைக்கு இழுத்துப் போனேன். திரும்பி வந்தபோது அவர் மனைவி கண்ணகி மேசையைத் துடைத்து, நீலம் ஒரு வரிசை, சிவப்பு ஒரு வரிசை என்று அழகாக அடுக்கி வைத்திருந்தார்.

"இன்னா காரியம் பண்ண!" சிவசங்கர் மேசைக்குப் பாய்ந்தார்.

"கொழம்பு சிந்திக்கினு கெடந்துச்சுங்க, தொடச்சேன். ஒண்ணுகூட காணாப் போவல."

சிவசங்கர் கண்ணை மூடி மூடி யோசித்து, ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் வைத்தார். குன்றுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. எதிரியின் பீரங்கி இருந்தது உச்சியிலா, பின்சரிவிலா? பின்சரிவு என்றால் வெற்றி இவருக்கு. உச்சி என்றால் எல்லாம் போச்சு. எனக்கும் நினைவில்லை.

"ஒங்களுக்குத் தோதா வெச்சிக்கினு முடிங்களேன்" என்றார் கண்ணகி. "அந்தச் சீட்டா வந்து கேக்கப் போவுது?"

"அதாண்டி எழவு! அவனுக்குக் கேக்க வாயில்லியே!" என்று எரிந்து விழுந்தார்.

சிவப்புப் பீரங்கியை எடுத்துப் பின்சரிவில் வைத்தார். எதிர்ப்பக்கம் இருந்த சீட்டுக்கட்டைப் பார்த்தார். பிறகு "ச்சே" என்று முனகிக்கொண்டே அதை உச்சிக்கு ஏற்றி, அதன் வாயை நீலப்படையின் பக்கம் திருப்பி வைத்தார்.