உள்ளே கோழி, வெளியே ஸ்டிக்கர்

1. செங்கல்

ஆம்பூரில் பிரியாணி விற்கிறவருக்கு இருக்கிற மரியாதை சாசேஜ் விற்கிறவளுக்குக் கிடையாது. சூப்பர் மார்க்கெட்டில் ஃப்ரோசன் செக்‌ஷனுக்கு நான் இன்சார்ஜ் ஆன முதல் நாளே அது தெரிந்துபோனது. ஒரு பெரியவர் கண்ணாடிக் கதவைத் திறந்து, பாக்கெட் ஒன்றை விரலால் தட்டிப் பார்த்து, "இன்னாம்மா இது, செங்கல்லா?" என்றார். சிக்கன் நகெட்ஸ் என்றேன். "கோழிய இந்த கதிக்கு ஆளாக்கிட்டீங்களே" என்று சொல்லிவிட்டுத் தயிர் வாங்கப் போய்விட்டார்.

அப்புறம் ஷூ கம்பெனிகளுக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்து தங்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்காக மேனேஜர் இம்போர்ட்டட் சாசேஜ் இறக்கினார். ஆனால் உள்ளூர் ஜனம்தான் அதை ஜாஸ்தி வாங்கியது.

2. ஸ்டிக்கர்

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு விளக்கம். வெளிநாட்டுப் பாக்கெட்டில் அவர்கள் பாஷையில்தான் எழுதியிருக்கும். இங்கே கொண்டுவருகிற இம்போர்ட்டர் அதன்மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார். அவர் பெயர், விலாசம், லைசென்ஸ் நம்பர், உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது, அசைவத்துக்கான பழுப்பு முக்கோணம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒரிஜினல் லேபிளில் உள்ள விவரத்தை ஸ்டிக்கர் மறைக்கக் கூடாது. ரூல் அப்படி. நடைமுறையில், பேரணாம்பட்டு பஸ்ஸில் ஜனம் உட்காருகிற மாதிரி, இடம் கிடைத்த பக்கம் அது உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு சனிக்கிழமை பதினொரு மணி வாக்கில், தோல் தரம் பார்க்க வந்திருந்த இத்தாலிக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். சாசேஜ் பாக்கெட் ஒன்றில் ஈரம் பட்டு ஸ்டிக்கர் ஓரம் எழும்பியிருந்தது. நகத்தால் உரித்தார். அடியில் இருந்ததைப் படித்தார். சிரித்தார்.

"மேடம், இன்சைட் சிக்கன். அவுட்சைட் பிக்."

"இல்ல சார், ஃபுல்லா சிக்கன். ஹலால்னு போட்டிருக்கு பாருங்க."

தன் தொப்பைமேல் விரலால் குடல் மாதிரி சுற்றிச் சுற்றி வரைந்து காட்டினார். "திஸ் ஸ்கின், பிக். ஐ லெதர் மேன். ஐ நோ ஸ்கின்."

உள்ளே இருப்பது கோழிக்கறி. அதை அடைத்திருக்கும் உறை பன்றிக் குடல். செல்போனில் மொழிபெயர்த்துப் பார்த்தேன். அதுவும் பன்றி என்றே சொன்னது.

கொஞ்ச நேரம் முன்னால்தான் நசீமா அக்கா அதில் இரண்டு பாக்கெட் வாங்கிப் போயிருந்தார். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் தையல் யூனிட் நடத்துகிறவர். மதியம் அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஹலாலா என்று என்னிடம் கேட்டுத்தான் வாங்கினார். நான் ஸ்டிக்கரைக் காட்டினேன்.

மேனேஜரிடம் ஓடினேன்.

"ரேக்கைக் காலி பண்ணிடு. யார்கிட்டயும் மூச்சு விடாத" என்றார்.

"வாங்கிட்டுப் போனவங்க, சார்?"

"தெரியாம சாப்ட்டா பாவம் இல்லம்மா."

"அவங்க மார்க்கத்தை நீங்க எப்ப சார் படிச்சீங்க?"

கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். அக்கா போனை எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்தேன்.

3. வாணலி

அக்கா வீட்டுக் கூடத்தில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். நான் யாரையும் பார்க்காமல் நேரே சமையல்கட்டுக்குப் போனேன். சாசேஜ் வட்ட வட்டமாக வாணலியில் பொரிந்துகொண்டிருந்தது.

"அக்கா, அடுப்ப அணைங்க."

"இன்னாடி ஆச்சு?"

காதோடு சொன்னேன். சட்டென்று அடுப்பை அணைத்தார்.

கூடத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா குரல் கொடுத்தார். "வாசனை தூக்குதே சம்மந்தி, இன்னா செய்றீங்க?"

"கருகிடுச்சு" என்றார் அக்கா, குரல் பிசகாமல். "பிரியாணி வந்துடும், அதுவரைக்கும் டீ குடிங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "இன்னும் யாரும் வாயில வெக்கல. இது மட்டும் அந்தக் கூடத்துக்குப் போயிருந்தா…" வாணலியை மூடி ஓரமாகத் தள்ளி வைத்தார்.

மறுநாள் அக்கா கடைக்கு வந்தார். பையிலிருந்து அந்த வாணலியை எடுத்து மேனேஜர் டேபிள்மேல் வைத்தார். "கழுவினா போதும்னு பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லிட்டாரு. எனக்குத்தான் மனசு ஒப்பல. நீங்களே வெச்சுக்குங்க."

"புதுசு வாங்கித் தந்துடறேங்க."

"வாணலிக்கு இன்னா குறைச்சல் என் வீட்ல? இதை வாங்கின மத்தவங்களுக்குச் சொல்லிட்டீங்களா?"

மேனேஜர் என்னிடம் பில்களை எடுக்கச் சொன்னார்.

அன்றே வாசலில் போர்டு வைத்தோம். பில்லில் இருந்த நம்பர்களுக்கு நான் போன் போட, மேனேஜர் பேசினார். "எம் பையன் சாப்ட்டுட்டானே, இப்ப இன்னா பண்றது?" என்று ஒருவர் கேட்டார். மேனேஜர், "மன்னிச்சுக்குங்க பாய்" என்றார். அவர் வாயில் அந்த வார்த்தையை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

நாங்கள் தகவல் கொடுத்ததும் உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்து மீதிச் சரக்குக்கு சீல் வைத்தார். இம்போர்ட்டருக்கு எங்கள் முன்னாலேயே போன் போட்டார். வேறொரு சாசேஜின் ஸ்டிக்கர் இதில் மாறிப்போய்விட்டதாம். "மாறிப் போறதுக்கு அது இன்னா, பந்தியில விட்ட செருப்பாய்யா?" என்றார் அதிகாரி.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். தப்புச் சரக்கு கடையைத் தாண்டிவிட்டால் முதல் போன் வாங்கினவருக்கு. அடுத்தது அதிகாரிக்கு. மேனேஜர் அதற்கப்புறம்தான். நான் மேனேஜரிடம் முதலில் போனேன். அவர் எனக்குப் பாவ புண்ணியம் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், அந்த வீட்டு அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.