மீன் என்று ஒப்புக்கொண்ட விமானம்

அப்பா அன்றைக்கு ஏன் "ஆமா, மீனுதான்" என்று சொன்னார்? இத்தனை வருடம் ஆகியும் எனக்கு விடை தெரியவில்லை. கேட்கலாம் என்றால் அப்பா இல்லை. போன வாரம் பரணிலிருந்து பித்தளைச் சாமான்களை இறக்கும்போது, பழைய துண்டில் சுற்றிய ஒரு தகர அச்சு கையில் கிடைத்தது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். முன்னால் கூரான மூக்கு, இரண்டு பக்கமும் இறக்கை, பின்னால் பிளந்த வால். ஓரமெல்லாம் துரு. என் நான்கு வயது மகள் அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிளேனாம்மா?" என்று கேட்டாள். "முதல்ல கீழ வை, கையைக் கிழிச்சிடும்" என்று பிடுங்கிக்கொண்டேன். துரு கீறினால் ஊசி போட வேண்டுமே என்ற பயம் உண்மைதான். ஆனால் நான் பதில் சொல்லாததற்குக் காரணம் அது இல்லை.

அப்போது நாங்கள் ஆவடியில், தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா மெஷின் ஷாப்பில் ஃபிட்டர். அம்மா நர்ஸ். எனக்கு எட்டு வயதானபோது அம்மாவுக்கு வளைகுடாவில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, என்னையும் அப்பாவையும் விட்டுவிட்டுப் போனாள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் விடுப்பு. அப்பாவுக்குச் சமையல் வராது. சோறும் ரசமும் ஒருவழியாகப் பழகிக்கொண்டார். ஆனால் பண்டிகை நாளில் மற்ற வீடுகளிலிருந்து வடை வாசனை வரும்போது எங்கள் வீட்டு அடுப்பு மட்டும் வெறுமனே இருப்பதை அவரால் தாங்க முடியவில்லை. கல்யாணத்துக்கு முன் மெஸ்ஸில் பார்த்துப் பழகிய ஒரே பலகாரம் பாம்பே டோஸ்ட். முட்டையும் பாலும் சர்க்கரையும் அடித்து, ரொட்டியை அதில் முக்கி, தோசைக்கல்லில் நெய் விட்டுச் சுடுவது. அதைத்தான் எங்கள் வீட்டுப் பலகாரம் ஆக்கினார்.

அந்த அச்சு வந்தது என் பிடிவாதத்தால். அம்மா போன பிறகு வந்த முதல் மாட்டுப் பொங்கலன்று, சதுர ரொட்டி வேண்டாம் என்று அழுதேன். என்ன வேண்டும் என்று கேட்டார். பிளேன் என்றேன். அம்மா வளைகுடாவிலிருந்து யார் கையிலோ கொடுத்தனுப்பியிருந்த பால் பவுடர் டப்பா காலியாகிக் கிடந்தது. அப்பா அதை வெட்டி நீளப் பட்டையாக்கி, குறடால் வளைத்து வளைத்து இறக்கை எடுத்தார். இரும்பில் மயிரிழை வித்தியாசம் பார்க்கிற மனிதருக்கு அந்த வால் மட்டும் கடைசிவரை சரியாக வரவில்லை. ரொட்டியை வெட்டும்போது சரியாகத்தான் இருக்கும். முட்டையில் ஊறிக் கல்லுக்குப் போனதும் உப்பி, இறக்கை குட்டையாகிவிடும். எனக்கு அது பிளேனாகவே தெரிந்தது. அப்பாவுக்கும்தான்.

எதிர் குவார்ட்டர்ஸ் அத்தை எங்கள் வீட்டுக்கு ரொட்டி வருவதைப் பார்த்தால், "யாருக்கு ஜுரம்?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்துவிடுவார். அந்தக் காலத்தில் ரொட்டி காய்ச்சல்காரர்களின் சாப்பாடு. ஒரு தீபாவளியன்று தோசைக்கல்லை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணாத்தே, பொண்டாட்டி வர்ற பிளேன நீயே செஞ்சிகினு கீறியா? எம்மாந் நேரத்துல எறங்கும்?" என்றார். அப்பா சிரித்துக்கொண்டே, "எண்ணெ தீந்து போச்சு, வழியில நிக்குது" என்றார். அத்தையும் சிரித்தார். போகும்போது என் தலையைத் தடவிவிட்டுப் போனார். அந்தத் தடவல் எனக்குப் பிடிக்கவில்லை.

எப்போதும் மூன்று பிளேன். எனக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. அம்மாவுடையதை ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்து, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து, ரேடியோ பெட்டியின் மேல் வைத்துவிடுவார். சாப்பிடுவதற்கும் ஒரு விதி இருந்தது. "றெக்கைய கடைசில துண்ணு. றெக்கை போச்சுன்னா அம்மா எதுல வருவா?" நான் மூக்கைத் தின்பேன், வாலைத் தின்பேன், நடுவைத் தின்பேன். இறக்கை இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பேன். தெருமுனையில் டாக்ஸி திரும்பினால் எழுந்து நிற்பேன். அது வேறு யார் வீட்டுக்காவது போகும். சாயங்காலம் அப்பா டீ போட்டுக்கொண்டு, ரேடியோ மேலிருந்த தட்டை எடுத்து, ஆறிப்போன அந்தப் பிளேனைத் தானே தின்பார். அவரும் இறக்கையைக் கடைசியில்தான் தின்பார் என்பதை நான் கவனித்திருக்கிறேன்.

அம்மாவுக்கு நாங்கள் கேசட்டில் பேசி அனுப்புவோம். பிளேன் விஷயத்தை மட்டும் சொல்லக் கூடாது என்று அப்பா கட்டளை போட்டிருந்தார். "வந்து கண்ணால பாக்கட்டும். அதான் அவளுக்குப் பரிசு." சொல்லாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது! டேப் ஓடும்போது வாயைக் கையால் பொத்திக்கொள்வேன்.

அம்மாவின் முதல் விடுப்பு தீபாவளிக்குப் பிறகுதான் என்று நினைத்திருந்தோம். முன்னதாகவே கிடைத்துவிட்டது போலிருக்கிறது. ஆயுத பூஜையன்று மத்தியானம், எங்கள் வாசலில் உண்மையாகவே ஒரு டாக்ஸி வந்து நின்றது. இறங்கிய அம்மா மெலிந்திருந்தாள், சிவந்திருந்தாள், அவள்மேல் வேறு ஏதோ சோப்பு வாசனை. நான் ஓடவில்லை. அப்பாவின் பின்னால் போய் நின்றுகொண்டேன். அம்மாவும் என்னை இழுத்து அணைக்கவில்லை. "வளந்துட்டா" என்று அப்பாவிடம் சொன்னாள். அன்று சாயங்காலம் முழுவதும் நாங்கள் மூவரும், விருந்தாளி வந்த வீட்டில் இருப்பதுபோல, ஒருவரை ஒருவர் உபசரித்துக்கொண்டு இருந்தோம்.

எனக்கு ஒன்றுதான் தோன்றியது. பிளேன் சுட வேண்டும். சுட்டால் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் அன்று காலையில் அச்சை நானேதான் பூஜையில் வைத்திருந்தேன். அப்பாவின் ஸ்பேனர்கள், குறடு, அரிவாள்மணை, என் பாடப் புத்தகங்கள், அவற்றோடு அந்தத் தகர விமானம். எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டது நான். விமானத்துக்கு மூக்கின் மேல் பெரிய பொட்டாக வைத்தேன். அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதில் கெஞ்சினேன். "பூஜைல வெச்சத இன்னிக்கி எடுக்கக் கூடாதும்மா. தொழில் பண்றவன் ஊட்ல அது ஆகாது. காலைல மொத வேல அதான்" என்றார். வருடம் முழுக்க வராதவளுக்காகச் சுட்டுச் சுட்டு வைத்தோம். வந்த நாளில் சுட முடியவில்லை.

மறுநாள் விஜயதசமி. அப்பா குளித்து, கற்பூரம் காட்டி, பூஜையைக் கலைத்து, முதல் ஆயுதமாக அந்த அச்சைத்தான் கையில் எடுத்தார். துணியால் துடைத்தார். சந்தனத்தோடு காய்ந்துபோன குங்குமம் மூக்கின் உள்மடிப்பில் ஒட்டிக்கொண்டிருந்ததை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அல்லது பார்த்தும், சாமிக்கு வைத்ததை அழுத்தித் தேய்க்க மனம் வராமல் விட்டாரோ என்னவோ. மூன்று பிளேன் சுட்டார். நன்றாக வந்ததைத் தட்டில் வைத்து அம்மாவின் முன்னால் நீட்டினார். முட்டைப் பொன்னிறத்தின் அடியில், மூக்குப் பக்கம், சிவப்பாக ஒரு புள்ளி.

அம்மா தட்டைப் பார்த்தாள். வந்ததிலிருந்து ஒருமுறை கூடச் சிரிக்காத முகம் அப்படியே மலர்ந்தது. "அய்யோ! இன்னாங்க இது, மீனா? கண்ணெல்லாம் வெச்சிகீறீங்க!"

நான் வாயைத் திறந்துவிட்டேன். பிளேன் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்பா என்னைப் பார்க்கவேயில்லை. கை மட்டும் நீண்டு என் முழங்காலின் மேல் அழுத்தியது. "ஆமா, மீனுதான்" என்றார். "ஆறிடப் போவுது. துண்ணு."

அம்மா தின்றாள். முதலில் இறக்கைகளைத்தான் பிய்த்தாள். ஒன்றை என் வாயில் வைத்தாள், இன்னொன்றை அப்பாவின் தட்டில் போட்டாள். எனக்குத் திக்கென்றது. அடுத்த நிமிடமே உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. இறக்கை போய்விட்டது, இனி அம்மா எதில் திரும்பிப் போவாள்? விடுப்பு முடிகிறவரை அந்த நம்பிக்கையை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். விடுப்பு முடிந்த அன்று டாக்ஸி வந்தது.

அதன் பிறகும் பண்டிகைக்கு அப்பா அதே அச்சில்தான் சுட்டார். ஆனால் "மீன் டோஸ்ட்டு வோணுமா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். இரண்டே சுட்டார். ரேடியோவின் மேல் தட்டு வைக்கவில்லை. இறக்கையைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வீட்டில் பிளேனை அறிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் அதை மறந்துவிட்டதுபோல நடந்துகொண்டால், மற்றவருக்கு எவ்வளவு தனியாக இருக்கும் என்பதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ஏன் அப்படிச் சொன்னார்? அந்தச் சிரிப்பைக் கெடுக்க வேண்டாம் என்று இருக்கலாம். ரேடியோ மேல் காத்திருந்த அத்தனை தட்டுகளின் கணக்கை அம்மாவின் தலையில் ஏற்ற வேண்டாம் என்று இருக்கலாம். அல்லது, பிளேனிலேயே வந்து இறங்கியவளுக்கு அது பிளேனாகத் தெரியவில்லையே என்று ஒரு கோபமா? ஒவ்வொரு வயதில் ஒவ்வொரு காரணம் சரியென்று படுகிறது. மறுவாரமே தப்பென்றும் படுகிறது.

இப்போது நான் கரையான்சாவடியில் ஒரு மாடிப் போர்ஷனில் இருக்கிறேன். அப்பா போன பிறகு அம்மா எங்களோடு வந்துவிட்டாள். என் கணவர் மஸ்கட்டில் எலெக்ட்ரீஷியன். எந்த இடத்துக்கு வந்து நிற்கிறேன் பாருங்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், கையில் குழந்தை, வாடகை என்று யோசித்து, சரி என்றுதான் சொன்னேன். சரியாகச் செய்தேனா என்று தினமும் பால் காய்ச்சும்போது ஒரு தரம் கேட்டுக்கொள்கிறேன். அம்மா அந்த ஊரில் இருந்த வருடங்களைப் பற்றி வாயே திறப்பதில்லை. பேத்தியிடம் ஒரே ஒரு கதைதான் சொல்வாள். "நான் லீவுல வந்தப்போ உங்க தாத்தா எனக்கு மீனு சுட்டுக் குடுத்தாரு. கண்ணு வெச்ச மீனு. அந்த மாதிரி எவனும் பொண்டாட்டிக்குச் சுட்டிருக்க மாட்டான்." சொல்லும்போது அதே சிரிப்பு வரும்.

அச்சு கிடைத்த அன்று அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். அவள் கண்ணில் படாமல் அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தேன். மகள் விடவில்லை. "அந்த பிளேன் எங்கம்மா? அதுல அப்பா வருவாரா?" என்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவளுக்கு அது பிளேனாகத் தெரிகிறது. ஆயுத பூஜைக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. பாம்பே டோஸ்ட் சுட்டுத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, வெந்நீரில் கொதிக்க வைத்திருக்கிறேன். தேய்க்கத் தேய்க்க மூக்கின் மடிப்பில் இன்னும் லேசாகச் சிவப்பு தெரிகிறது. துருவாகவும் இருக்கலாம்.

விஜயதசமி காலையில் மூன்று பேர் உட்கார்ந்திருப்போம். மகள் என் அம்மாவின் முன்னாலேயே, இது பிளேன்தானே என்று கேட்பாள். நான் பிளேன் என்றால், அவளும் நான் உட்கார்ந்த மாதிரி இறக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்காருவாள். என் அம்மாவின் ஒரே சிரிப்பும் அன்றோடு போய்விடும். மீன் என்றால், கண்ணால் சரியாகப் பார்த்த குழந்தையைத் தனியாக விட்டவளாவேன். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இதைப் படிக்கிறவர்களில் தூரத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு பண்டிகை கொண்டாடுகிறவர்கள் இருப்பீர்கள். என் இடத்தில் இருந்தால் என்ன சொல்வீர்கள்? எனக்கு எழுதுங்கள். அச்சுக்குப் பொட்டு வைத்தே ஆக வேண்டும், அது பூஜை. மறுநாள் காலையில் அதை நன்றாகத் துடைத்துவிட்டு வெட்டட்டுமா, அப்படியே கண்ணாக விட்டுவிடட்டுமா, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.