மாதேஸ்வரியோட முன்னூறு டம்ளரு

எனக்குப் பேத்தி பொறந்திருக்கறா. மூக்கு அப்படியே எங்கம்மா மூக்கு. பாக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேன், உங்ககிட்டயும் சொல்லிட்டேன். ஆனா இப்ப சொல்ல வந்தது மாதேஸ்வரியப் பத்தி.

மாதேஸ்வரி எங்க உத்தனப்பள்ளிதான். ஓசூர்ல ஒரு கம்பெனி கேன்டீன்ல பாத்திரம் கழுவற வேல. காலம்பற கம்பெனி பஸ்ஸு, சாயங்காலம் மாட்டுக்குப் புல்லு. மூணு வருசத்துக்கு முன்னால அவ செவல மாடு வயிறு உப்பிச் செத்துப்போச்சு. டாக்டரு அறுத்துப் பாத்தா, உள்ள ரெண்டு கூடை பிளாஸ்டிக்கு. யாரோ விசேஷம் முடிஞ்சு ஏரிக்கரையில கொட்டின கப்பு, தட்டு. சாம்பார் வாசனைக்குத் தின்னுருக்குது.

ரெண்டு நாளு அழுதா. அப்புறம் கேன்டீன் பொம்பளைங்ககிட்ட, "அட்டத்துல, பரண் மேல ஏத்தி வெச்சு சும்மா கெடக்கற டம்ளர எனக்குக் குடுங்கடி"ன்னு கேக்க ஆரம்பிச்சா. கல்யாணத்துல குடுத்தது, காதுகுத்துல குடுத்தது, பேரு வெட்டின எவர்சில்வர் டம்ளரு எந்த வீட்டுல இல்ல? சூளகிரி, பாகலூரு, வேப்பனப்பள்ளின்னு எல்லா ஊருப் பொம்பளைங்களும் கொண்டாந்தாங்க. முன்னூறு சேந்துது. விசேஷத்துக்குச் சும்மாவே குடுப்பா. பிளாஸ்டிக்கு வரக்கூடாது, சாப்ட்ட எலை அவ மாட்டுக்கு வரணும். அவ்வளவுதான்.

ஆனா அவங்க தெருவுக்காரங்கதான் வாங்குவாங்க. எங்க தெருவுல யாரும் கேட்டதில்ல. ஏன்னு எல்லாருக்கும் தெரியும், வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க. நானும் கேட்டதில்ல.

பேத்திக்குத் தொட்டில் போட்டுக் கவிப்ரியான்னு பேரு வெக்கறதுக்கு, நானே அவ வீட்டுக்குப் போயிக் கேட்டேன்.

"நெசமாவா அண்ணா? உங்க சம்பந்தி இதுல குடிப்பாரா?"

"குடிப்பாரு."

"குடிக்கலைன்னா?"

"முன்னூறு டம்ளரயும் நானே குடிக்கறேன், போ."

சிரிச்சா. அப்புறம் சொன்னா: "இந்த ஒண்ணு நல்லபடியா நடந்தா உங்க தெருவுலயும் கேப்பாங்க. இல்லைன்னா இதோட சரிண்ணா."

விசேஷத்தன்னிக்கு சம்பந்தி வெங்கடசாமி வேப்பனப்பள்ளியிலருந்து கார்ல வந்தாரு. டிக்கி நெறைய பிளாஸ்டிக் கப்பு. பந்தியில ஒக்காந்ததும் டம்ளர ஒரு வெரலால தள்ளி வெச்சாரு.

"எந்த வீட்டு டம்ளரோ என்னமோ. நான் கப்பு கொண்டாந்திருக்கறேன் சம்பந்தி."

மாதேஸ்வரி தண்ணி ஜக்கோட அவரு முன்னாலயே நின்னா.

"எல்லா வீட்டு டம்ளருந்தாங்க. பேரு வெட்டியிருக்குது, படிச்சுப் பாத்துக்கங்க."

நான் என் டம்ளர நீட்டி, ஊத்தச் சொல்லி மடமடன்னு குடிச்சேன். எனக்கு அடுத்து என் மச்சான் எல்லப்பன். அவன் டம்ளரத் திருப்பிப் பாத்துட்டுக் கத்தறான்: "மாமா! இது நம்ம ராஜ்குமாரு கல்யாண டம்ளரு! அன்னிக்கு ரசத்துல உப்பே இல்ல, ஞாபகம் இருக்குதா?"

அவ்வளவுதான். ஆளாளுக்கு டம்ளரத் தூக்கிப் படிக்கறாங்க. "இது எங்க சித்தி!" "இதுல இருக்கற மாப்பிள்ள எனக்குப் பாத்த மாப்பிள்ளடி!"ன்னு பொம்பளைங்க பக்கம் ஒரே சிரிப்பு.

சம்பந்திக்கும் கை சும்மா இருக்கல. கண்ணாடிய மாட்டிகிட்டு அந்தத் தள்ளி வெச்ச டம்ளர எடுத்தாரு. பாத்தாரு, திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அவரு சம்சாரம் ராஜாத்தி எட்டி வாங்கிப் படிச்சாங்க.

"வெங்கடசாமி, ராஜாத்தி. தொண்ணூத்தி நாலு. அட நம்ம கல்யாணத்துல குடுத்தது! எந்த அட்டத்துல தூங்கிட்டிருந்த நீ?"ன்னு டம்ளரயே கேக்கறாங்க.

சம்பந்தி அத திரும்ப வாங்கி மாதேஸ்வரிகிட்ட நீட்டினாரு. "ஊத்தும்மா." குடிச்சாரு. மறுபடி நீட்டினாரு. கப்பு டிக்கியிலயே கெடந்துது.

கெளம்பறப்ப பாத்தா அவரு ஜிப்பா பாக்கெட்டு ஒரு பக்கம் தூக்கிகிட்டு நிக்குது. மாதேஸ்வரி விடுவாளா?

"பாக்கெட்டுல என்னங்க?"

"என் டம்ளருதானே!"

"இப்ப அது எல்லாருதுங்க."

எடுத்துக் குடுத்துட்டாரு. கார்ல ஏறினவரு கண்ணாடிய எறக்கினாரு. "கவிப்ரியாவுக்கு எங்கூர்லதான் காதுகுத்து. நீ டம்ளரு எல்லாத்தையும் கொண்டுவா. ஆனா அது மட்டும் எனக்குத்தான் வரணும்."

"பந்தியில ஒக்காருங்க, வருதான்னு பாப்போம்"ன்னுட்டு, எலையெல்லாம் கூடையில அள்ளிகிட்டு மாட்டப் பாக்கப் போயிட்டா.