பக்கத்து வீட்டில் கேட்ட குரல்

கல்யாணமாகி நான் அரபு அமீரகத்தில் இருக்கும் புஜைராவுக்குப் போய்ச் சேர்ந்தது 2003 கடைசியில். என் கணவருக்குத் துறைமுகத்தை ஒட்டிய எண்ணெய்க் கிடங்கு ஒன்றில் வேலை. குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு மட்டும்தான் கம்பெனி பிளாட் கொடுக்கும். மனைவி ஊரோடு போய்விட்டால் உடனே ஆபீசில் சொல்லிவிட்டு, பிளாட்டைக் காலி செய்து, பேச்சிலர் ரூமுக்கு மாறிவிட வேண்டும். அந்த பிளாட்டுக்காகக் காத்திருப்பவர்கள் நிறைய.

எங்கள் பக்கத்து பிளாட்டில் அதே கம்பெனிக்காரர், தஞ்சாவூர்ப் பக்கம். என் கணவருக்கு வேறு ஷிப்ட் என்பதால் அதிகப் பழக்கமில்லை. வந்த புதிதில் சுண்டல் செய்து எடுத்துக்கொண்டு போனேன். அவர் கதவை முகம் தெரியும் அளவுக்கு மட்டும் திறந்து, "அவங்களுக்கு உடம்பு முடியல, படுத்திருக்காங்க சிஸ்டர்" என்று சொல்லிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். அதன் பிறகும் அவர் மனைவியை நான் பார்த்ததே இல்லை.

ஆனால் குரல் கேட்கும். சாயங்காலத் தொழுகைக்கு பாங்கு சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் குக்கர் விசில் அடிக்கும். அப்புறம், "சாப்பிட வாங்க, ஆறிப் போகுது பாருங்க" என்று ஒரு பெண் குரல். கூடவே ஒரு சிரிப்பு. தனியாகக் கிடந்த எனக்கு அது பெரிய துணையாக இருந்தது.

கொஞ்ச நாள் போனதும் ஏதோ சரியில்லை என்று தோன்றியது. அந்தக் கட்டடத்தில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று வராந்தாவில் நடந்தாலே தெரிந்துவிடும். இவர்கள் வீட்டில் விசில் அடிக்கிறது, தாளிக்கிற வாசனை ஒருநாளும் வந்ததில்லை. பிறகு கவனித்துக் கேட்டேன். தினமும் அதே வார்த்தைகள். சிரிப்பு அதே இடத்தில் உடைந்து ஒரு சின்ன இருமலில் முடிந்தது. எனக்குக் கை மயிர் குத்திட்டு நின்றது. கணவரிடம் சொன்னால், "தனியா இருந்து இருந்து உனக்கு என்னென்னமோ தோணுது" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் ஆபீசிலிருந்து ஒரு மலையாளி வீடு வீடாகச் சரிபார்க்க வந்தார். பக்கத்து வீடு பூட்டியிருந்தது. "மேடம், இவிட பேமிலி உண்டோ?" என்று என்னைக் கேட்டார். "இருக்காங்களே, தினமும் குரல் கேக்குது" என்றேன். அவர் போய்விட்டார்.

ஒரு வாரம் ஆகியிருக்கும். டூட்டி முடிந்து வந்த கணவரின் முகமே சரியில்லை.

"பக்கத்து வீட்டம்மா ஊருக்குப் போன இடத்துல இறந்துட்டாங்களாம். அவங்க ஊர்க்காரர் ஒருத்தர் இப்பத்தான் சொன்னாரு. ஆகி ஒரு வருஷம் இருக்குமாம். ஆபீஸ்ல யாருக்குமே தெரியாது."

அவர் சொல்லி வாய் மூடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது.

"சாப்பிட வாங்க, ஆறிப் போகுது பாருங்க."

நாங்கள் இருவரும் அசையவில்லை. சிரிப்பு கேட்டது. இருமலும் கேட்டது. அவர் என் கையை இறுகப் பிடித்திருந்தார். என் கணவர் பயந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

பிறகு அவருக்குக் கோபம் வந்தது. "பிளாட்டை விடக்கூடாதுன்னு எதையோ போட்டு ஊரை ஏமாத்துறாரு. நீ வேற இருக்காங்கன்னு சொல்லி வச்சிருக்க. நாளைக்கு என் வேலைக்கும் ஆபத்து" என்று போய்க் கதவைத் தட்டினார். நானும் பின்னாலேயே போனேன்.

இந்த முறை கதவு முழுதாகத் திறந்தது. ஹாலில் விளக்கில்லை, டிவி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதில் நைட்டியும் தோளில் துண்டுமாக ஒரு பெண், ஹேண்டிகேம் வீடியோ கேமராவுக்குக் கூச்சப்பட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் நின்றது அதே வீட்டுச் சமையலறை. டிவியில் அங்கே விளக்கு பளிச்சென்று எரிந்தது. திரும்பிப் பார்த்தேன். நிஜச் சமையலறை இருட்டாக, ஒரு பாத்திரம்கூட வெளியில் இல்லாமல் கிடந்தது. தரையில் இரண்டு தட்டுகள். இரண்டிலும் கடையில் வாங்கிய குப்பூஸ் ரொட்டி.

என் கணவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"ஏமாத்தணும்னு இல்ல சார்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "லீவுல போனப்ப நடந்துடுச்சு. ஆபீஸ் வாசல் வரைக்கும் எத்தனையோ தடவை போயிட்டேன். அவ இல்லன்னு சொல்ல வாய் வரல. சொல்லிட்டா இந்த வீட்டையும் விடணும். அவ இங்கதான் சார் நிக்கிறா."

கணவர் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "காலையில நானும் கூட வர்றேன்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் இருவரும் சேர்ந்துதான் ஆபீசுக்குப் போனார்கள். நான் சொன்னது தவறு என்பதையும் கணவரிடமே சொல்லி அனுப்பினேன். கேட்ட அரபி மேனேஜர் திட்டவில்லையாம். எழுந்து வந்து பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டாராம். மாதக் கடைசி வரை அங்கேயே இருக்க அனுமதி கொடுத்தார். அதன் பிறகு அவர் பேச்சிலர் ரூமுக்குப் போய்விட்டார்.

அந்த பிளாட் கொஞ்ச காலம் காலியாகவே கிடந்தது. பாங்கு முடிந்ததும் என் காது தானாகச் சுவர்ப் பக்கம் போகும். ஒருநாள் விசில் கேட்டது போலவே இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு மூச்சை அடக்கி நின்றேன். எதுவுமில்லை.

இப்போதும் யாராவது சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் மறைத்துவிட்டார் என்று கேள்விப்பட்டால், கோபப்படுவதற்கு முன்னால் அவர் வீட்டுக் கதவை ஒருமுறை தட்டிப் பார்க்கத்தான் எனக்குத் தோன்றுகிறது.