மோட்டார் எந்தப் பக்கம்?

செபாஸ்தியம்மாள் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் குதிகாலைத் தொட்டுப் பார்ப்பாள். மலைச்சாமி வீட்டிலும் அப்படித்தான். தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப்போன மனிதர் அவர். வந்தவள் ஒரு கும்பிடுகூடப் போடாமல் புருஷனின் காலைப் பிடித்ததைப் பார்த்து, சுந்தரம்மாள் முதல் நாள் மிரண்டுதான் போனாள்.

வத்தலக்குண்டுப் பக்கம் பூந்தோட்டக்காரர் வீட்டுப் பெண் செபாஸ்தியம்மாள். மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆயாவாகச் சேர்ந்து, அங்கேயே பயிற்சி முடித்து, இருபத்தைந்து வருஷமாகத் திண்டுக்கல்லில் வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துவந்தாள். எல்லாருக்கும் அவள் சிஸ்டர்.

2009ஆம் வருஷம் கோடை தொடங்கும்போது மலைச்சாமியின் இடுப்புக்குக் கீழே ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் சிவந்தது, படுக்கைப் புண்ணின் தொடக்கம். அவருக்கு வலி தெரியாது, ஆபத்தே அதுதான். தோல் உடைந்தால் எலும்புவரை குழி விழும், பிறகு ஆஸ்பத்திரிதான் என்று சிஸ்டர் மறைக்காமல் சொன்னாள். மோட்டார் காற்றடைக்க, ஒரு வரிசை அறைகள் உப்பும்போது அடுத்த வரிசை அமுங்குகிற ஏர் பெட் உடனே வேண்டும். மதுரையிலிருந்து வரவழைக்கலாம் என்ற மருந்துக்கடைக்காரர் சொன்ன விலை எட்டாத உயரத்தில் இருந்தது. கையில் இருந்ததோ மகள் தமிழ்மதியின் மில் போனஸ் மட்டும். அது ஒரு தடவைதான் போகும். போனால் வேறு வழியில்லை.

தமிழ்மதி நெட் சென்டருக்குப் போய் ஒரு கலர் காகிதத்தோடு வந்தாள். நீல நிறப் படுக்கை, பாதி விலை, பாராட்டி எழுதியவர்கள் பத்துப் பேர். அன்று மாலை ஆறு மணிக்குள் ஒரு கணக்கில் பணத்தைக் கட்ட வேண்டும். எங்கோ கண்காணாத ஊரில் இருக்கும் படுக்கை தன் வீட்டுக் காகிதத்தில் வந்து இறங்கியதைச் சுந்தரம்மாள் தடவித் தடவிப் பார்த்தாள்.

சிஸ்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, கணக்கு கடை பேரில் இல்லாமல் ஆள் பேரில் ஏன் இருக்கிறது என்று கேட்டாள். பிறகு அதிலிருந்த நம்பருக்குப் போன் போடச் சொன்னாள். ஸ்பீக்கரில் குரல் தேனாக வந்தது.

"மோட்டாரை எந்தப் பக்கம் மாட்டணும் தம்பி?"

"தலைமாட்டுலம்மா. கைக்கு எட்டுறாப்ல."

"கரண்ட் போனா?"

"ரெண்டு நாளைக்குக் காத்து அசையாது. ஆறு மணிக்குள்ள பணத்தப் போட்டுருங்கம்மா."

சிஸ்டர் நன்றி சொல்லி வைத்துவிட்டாள். "இவன் ஏர் பெட்ட போட்டோவுலதான் பாத்திருக்கான் தாயி. மோட்டார் எப்பவும் கால்மாட்டுல. எங்க ஆளு எம்புட்டு கனம்னு ஒரு வார்த்த கேட்டானா?"

"என்னய வச்சு என்ன யாவாரம் பேசுறீக?" என்றார் மலைச்சாமி கட்டிலிலிருந்து.

தமிழ்மதிக்கு முகம் சுண்டிவிட்டது. நாள் போகிறதே, புண் காத்திருக்குமா என்றாள். அப்போதுதான் சிஸ்டர் தன் கதையைச் சொன்னாள். தொண்ணூற்றாறில் பத்திரிகை விளம்பரம் பார்த்து, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவிக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். தபாலில் பணம் கட்டிப் பார்சலைப் பிரித்தால் உள்ளே அரைச் செங்கல். அந்தப் பொருளைக் கையாண்டவனுக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்காமல் அன்றிலிருந்து அவள் யாருக்கும் காசு கொடுத்ததில்லை.

தமிழ்மதி மறுபடி போய் மூன்று நம்பர்களை எழுதிவந்தாள். முதல் இரண்டு பேரும் தலைமாடு என்றார்கள். மூன்றாவது நம்பர் கோயம்புத்தூர். சிஸ்டர் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"ஏனுங்க, பேஷண்ட் எத்தன கிலோ இருப்பாருங்க? புண்ணு உடைஞ்சிருச்சுங்களா?"

சிஸ்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். மோட்டார் கால்மாட்டில். கரண்ட் போனால் மோட்டாரிலிருந்து குழாயைக் கழற்றி அதன் வாயை அடைக்க வேண்டும். ரெண்டு மணி நேரம் தாங்கும், அதற்கு மேல் நம்ப வேண்டாம் என்றார். படுக்கை வந்துவிட்டது என்று புரட்டிப் போடுவதை நிறுத்திவிடாதீர்கள் என்றும் சொன்னார். திண்டுக்கல்லுக்கு வரும் தன் ஆளிடம் கொடுத்தனுப்புவதாகவும், ஊதிப் பார்த்துவிட்டுக் காசு கொடுத்தால் போதும் என்றும் முடித்தார்.

நான்காம் நாள் படுக்கை வந்தது. கொண்டுவந்தவரை உட்காரவைத்து மோர் கொடுக்கச் சொல்லிவிட்டு, செபாஸ்தியம்மாள் அதில் தானே ஏறிப் படுத்தாள். பிறகு சுவிட்சை அணைத்து, குழாயை அடைத்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். ஒரு மணி, ஒன்றரை மணி. வந்த மனிதர் இரண்டாவது டம்ளர் மோரையும் குடித்து முடித்தார். சுந்தரம்மாள் சமையலை மறந்து வாசற்படியில் நின்றாள். முகம் தெரியாத நாலு பேரைக் குரலை வைத்தே அளந்துவிட்டு, இப்போது தன் முதுகாலேயே காற்றை அளந்துகொண்டிருக்கும் அந்தப் பெண்ணைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு மேனி சிலிர்த்தது.

சரியாக இரண்டு மணி நேரம் கழித்து சிஸ்டர் எழுந்தாள். "காசக் குடு தாயி," என்றாள். அடுத்த நிமிஷம் மலைச்சாமியின் தோளுக்கடியில் கையைக் கொடுத்திருந்தாள்.

சிவப்பு உடையவே இல்லை. மூன்றாவது வாரம் அந்த இடத்தை மற்ற இடத்திலிருந்து பிரித்தறியச் சுந்தரம்மாளுக்குத் தெரியவில்லை. சிஸ்டருக்குத் தெரிந்தது. தினமும் அங்கே விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அவள் கைகழுவப் போனாள்.