கன்னிப் பெட்டியிலிருந்து போன பாவாடை

என் தங்கை ராஜபாளையத்து நூல்மில்லில் செத்தபோது அவளுக்கு வயது பதிமூன்று. மில் கணக்கில் பதினெட்டு. காம்பவுண்டுக்குள்ளேயே ஹாஸ்டல், வார்டன், பூட்டு. நானும் அங்கேதான் கிடந்தேன். அவள் பாவாடை மிஷினில் சிக்கிய அன்று எனக்கு வேறு ஷிப்ட்.

எங்கள் பக்கம் கல்யாணமாகாமல் செத்த பெண் வீட்டுக்குச் சாமி. அவளுக்கென்று ஓர் ஓலைப்பெட்டி, அதுதான் கன்னிப் பெட்டி. வருஷாவருஷம் தை மாதம் அதில் புதுப் பாவாடை சட்டை, ரிப்பன், வளையல் வைத்துக் கும்பிடுவோம். இருந்தவரை என் பழசையே போட்டுத் திரிந்தவளுக்குச் செத்த பிறகுதான் புதுத்துணி யோகம். வன்னியம்பட்டி வீட்டில் அந்தப் பெட்டியை அம்மா யாரையும் தொடவிடமாட்டாள்.

போன வருஷம் ஓர் ஓவியர் வந்தார். மில் பிள்ளைகளை உலகம் மறந்துவிட்டதாம், இவர் கலையால் நினைவூட்டப் போகிறாராம். மறந்தவர்களுக்கல்லவா நினைவூட்ட வேண்டும், எங்கள் வீட்டுக்கு எதற்கு வந்தார் என்று எனக்கு எரிச்சல்.

"உங்க பொண்ணோட டிரஸ் ஏதாவது இருக்காம்மா? எல்லாரும் அவளைப் பாப்பாங்க" என்றார்.

அந்த ஒரு பேச்சில் அம்மா விழுந்துவிட்டாள். பெட்டியைத் திறந்து, அந்தத் தைக்கு எடுத்த மஞ்சள் பாவாடையைக் கொடுத்தாள். "அவ துணிதான். பத்திரமாத் திருப்பித் தந்துருங்கய்யா." அவளுக்கு அது பொய்யில்லை.

ராஜபாளையத்தில் மூடிக்கிடந்த பஞ்சு குடோன் ஒன்றில் கண்காட்சி. தலைக்குக் குளித்து, ஆண்டாள் கோயிலுக்குப் போகும்போது கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு அம்மா வந்தாள். நட்டநடுவில் கொக்கியில் பாவாடை தொங்கியது. அதைக் கிழித்து, கிரீஸ் அப்பி, சிவப்புச் சாயமும் தெளித்திருந்தார்கள். கீழே ஓர் அட்டை: 'அவள் கடைசியாக அணிந்த உடை.'

"ரொம்பப் புதுசா இருந்துச்சும்மா, பாக்கிறவங்களுக்கு மனசுல தைக்காது. அதான் கொஞ்சம் வேலை பாத்தேன்" என்றார் ஓவியர். அந்தக் கையை ஒடித்தால் என்ன என்று இருந்தது எனக்கு.

அம்மா கிழிசலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அன்னைக்கு மில்லுல சீலையச் சுத்தித்தான் குடுத்தாக. பிரிச்சுப் பாக்க விடல. பிள்ள எப்படிக் கெடந்துச்சுன்னு இம்புட்டு நாளும் எனக்குத் தெரியாது. இப்பக் காட்டிட்டீக."

ஓவியருக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே செல்போனை எடுத்தார். "அம்மா, அதை இன்னொரு தடவை சொல்லுங்க. ரெக்கார்ட் பண்ணிக்கிறேன்."

அம்மா சொன்னாள்.