பிச்சையம்மாள் என்றே எழுதினேன்

இந்தப் பத்தியின் தலையில் அச்சாகும் பெயரைப் பார்த்துவிட்டு, 'புனைபெயர்தானே?' என்று சிலர் கடிதம் எழுதுகிறீர்கள். இல்லை ஐயா... அசல் பெயர்! அதை வைத்துத்தான் போன வாரம் ஒரு வம்பு.

நம் ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சர் வேலைக்கு மனுப் போட்டிருந்தேன். டிரெயினிங் சர்டிபிகேட் எல்லாம் சரியாக இருந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் டாரதி என்ற வெள்ளைக்காரத் துரைசாணி. காகிதங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் என் பெயரில் நின்றுவிட்டார்.

"பிச்சை என்றால் யாசகம் அல்லவா? இது பெரிய வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் இடம். பிரேமா என்று மாற்றிக்கொண்டால் திங்கட்கிழமையே சேரலாம்."

அவரே மனுவில் என் பெயரை அடித்துவிட்டு, பென்சிலால் 'பிரேமா' என்று எழுதியும் கொடுத்தார். யோசித்துச் சொல்வதாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

அம்மாவிடம் சொன்னேன்.

"மாத்திக்க தாயி. ரேஷன் அரிசிக்கு நிக்கிற காலத்துல பேராம் பேரு!" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "ஆனா என் காதுபட அந்தப் பேரச் சொல்லச் சொல்லாத. எனக்கு ஈரக்கொல நடுங்குது."

ஏன் நடுங்க வேண்டும்? எனக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை. மூன்றுக்கும் அழகழகான பெயர்கள்! நான் பிறந்ததும் அம்மா முந்தானையை ஏந்திக்கொண்டு ஏழு வாசல் ஏறினாள். விழுந்த அரிசியில் எனக்குக் கஞ்சி. விழுந்த பழந்துணியில் என் முதல் சட்டை. பிச்சையெடுத்து வளர்த்த பிள்ளையை எமன் சீண்ட மாட்டான் என்று ஒரு நம்பிக்கை.

அந்தத் துணியைக் கொடுத்தது காஜிமார் தெரு பாத்திமா அக்கா. அவள் மகன் பெயர் பக்கீர். அரபியில் ஏழை என்று அர்த்தமாம். "ஒன் பேரும் எம்மவன் பேரும் ஒண்ணுதான் புள்ள. கெஞ்சிக் கேட்டு வாங்குனதுக ரெண்டும்" என்பாள்.

எமனை நான் நம்பவில்லை. ஆனால் அந்த ஏழு வீட்டுப் பெண்களை? அவர்கள் போட்ட அரிசியில் வளர்ந்த உடம்பு இது. அதற்கு நான் வெட்கப்பட வேண்டுமா? மாட்டேன்!

மறுநாள் போனேன். "உங்கள் பெயருக்கு என்ன அர்த்தம் அம்மா?" என்று கேட்டேன்.

"கிரேக்கப் பெயர். கடவுள் தந்த பரிசு" என்றார் பெருமையாக.

"என் பெயருக்கும் அதுதான் அர்த்தம். உங்கள் வீட்டில் கேட்காமலே கிடைத்திருக்கிறது. எங்கள் அம்மா வாசல் வாசலாகக் கேட்டு வாங்கினாள்."

கிரேக்கமோ, அரபியோ, தமிழோ — பிள்ளைக்குப் பெயர் வைக்கிற தாய்க்கு எந்த ஊரிலும் ஒரே பயம்தானே?

ரப்பரால் பிரேமாவை அழித்தேன். மையைத் தொட்டு, 'பிச்சையம்மாள்' என்று எழுதி நீட்டினேன். துரைசாணியின் முகம் சிவந்துவிட்டது.

"கமிட்டி ஒத்துக்கொள்ளாது."

"வேண்டாம்!"

வியாழக்கிழமை பதில் வந்தது. இடம் இல்லையாம். வருத்தமில்லையா என்கிறீர்களா? இருக்கிறது... நிறையவே இருக்கிறது. அம்மா அந்தக் கடிதத்தை வாங்கி மடித்து வைத்தாள். "வா பிச்ச, சாப்பிடு" என்றாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகவே கூப்பிட்டாள்.

அச்சாபீஸில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறேன் — இந்த வாரம் என் பெயரைப் பெரிய எழுத்தில் போடச் சொல்லி!